கேம் ஆடுகிற பிள்ளைக்குக் கேம் செய்யவும் வழி விடுங்கள்

அதியமான்கோட்டை, நல்லம்பள்ளி வட்டாரத்து அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே இப்போது முதலில் வந்து நிற்பது போன்தான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேம் ஆடுகிறான், கூப்பிட்டால் காதில் விழுவதில்லை, ராத்திரியில் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது என்று வீட்டுக்கு வீடு ஒரு குறை இருக்கிறது. குறையில் பொய் இல்லை. ஆனால் அதற்கு வீட்டிலும் பள்ளியிலும் நாம் வைத்திருக்கும் வைத்தியம் ஒன்றே ஒன்று: போனைப் பிடுங்கி வைப்பது. பிடுங்கிய கை ஓய்ந்ததும் போன் மறுபடி பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிடுங்குவதற்கும் கண்டுகொள்ளாமல் விடுவதற்கும் நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. அதை உங்கள் முன் வைக்கத்தான் இந்த மடல். கேம் ஆடத் தெரிந்த பிள்ளைக்குக் கேம் செய்யவும் கற்றுக்கொடுக்க வேண்டும், அதைப் பள்ளியே முன்னின்று செய்ய வேண்டும் என்பது என் வாதம். இதற்குச் சான்றுகள் உண்டு. நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்புகளும் உண்டு. அவற்றில் சில நியாயமானவை. இரண்டையும் ஒளிக்காமல் பேசிவிடலாம்.

சான்றுக்கு முதலில் ஜப்பானுக்குப் போக வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கடன் கொடுத்த நாடு என்ற வகையில் அந்தப் பெயர் தருமபுரி மாவட்டத்துக்குப் பழகியதுதான். டோக்கியோவின் புறநகரான மச்சிடா என்ற ஊரில் வளர்ந்தவர் சதோஷி தஜிரி. பிறந்தது 1965-ல். அப்பா கார் விற்பனைப் பிரதிநிதி, அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் மச்சிடாவில் வயலும் குளமும் தோப்பும் மிச்சமிருந்தன. தஜிரிக்குப் பூச்சி பிடிப்பதில் அப்படியொரு பித்து. கூடப் படித்த பிள்ளைகள் அவருக்குப் ‘பூச்சி டாக்டர்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். வண்டு பிடிக்க மற்றவர்கள் மரத்தில் தேனைத் தடவிவிட்டுக் காத்திருப்பார்கள். இவர் மரத்தடியில் ஒரு கல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். வண்டுகள் கல்லுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பதைக் கவனித்து வைத்திருந்தார். மறுநாள் காலையில் கல்லைப் புரட்டினால் வண்டு கைக்கு வந்துவிடும். இந்தச் சின்ன விவரத்தை விட்டுவிடாமல் சொல்லக் காரணம் இருக்கிறது. எதிரில் இருப்பது என்ன செய்யும் என்று முன்கூட்டியே கணித்து, அது தானாக வந்து சேரும்படி ஓரிடத்தை அமைத்து வைப்பதுதான் கேம் வடிவமைப்பாளரின் தொழில். அந்தத் தொழிலை அவர் எந்தத் திரையையும் பார்ப்பதற்கு முன்பே, புழுதியில் குந்தி உட்கார்ந்து பழகிவிட்டார்.

பிறகு ஊர் நகரமாயிற்று. வயலில் வீடுகள் எழும்பின. மீன் பிடித்துக்கொண்டிருந்த குளத்தைத் தூர்த்த இடத்தில் கேம் சென்டர் வந்தது. 1978-ல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஜப்பானையே ஆட்டிவைத்தபோது தஜிரியும் அதில் விழுந்தார். பூச்சியைத் தேடி அலைந்த பையன், காசு போட்டு ஆடும் மெஷின் முன்னால் நாள் முழுக்க நின்றான். பள்ளிக்கு மட்டம் போட்டதில், கூடுதல் வகுப்புகளுக்குப் போய்த்தான் மேல்நிலைப் படிப்பை முடிக்க முடிந்தது. பெற்றோர் கண்ணுக்குப் பையன் தறுதலை. அப்பா தெரிந்தவர்களைப் பிடித்து மின்சாரக் கம்பெனியில் ஒரு வேலைக்கு வழி பண்ணிப் பார்த்தார், பையன் போகவில்லை. இதுவரைக்கும் இந்தக் கதையில் புதிதாக ஒன்றுமில்லை. நல்லம்பள்ளியில் ஒரு தகப்பனார் இதைப் படித்தால் தன் வீட்டுக் கதை எப்படி டோக்கியோவுக்குப் போனது என்று கேட்பார்.

கதை பிரிவது அடுத்த கட்டத்தில். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தஜிரி 1983-ல் ‘கேம் ஃப்ரீக்’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். பத்திரிகை என்றால் கையால் எழுதி நகலெடுத்து ஸ்டேப்ளர் அடித்த சில பக்கங்கள், அவ்வளவுதான். எந்த கேமில் எந்தக் கட்டத்தை எப்படித் தாண்டுவது, ரகசிய வழி எங்கே இருக்கிறது, எது நல்ல கேம், எது சொதப்பல், ஏன் சொதப்பல் என்று எழுதினார். கடையில் அதைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் படம் வரைய வந்து சேர்ந்தவர் கென் சுகிமோரி. எழுத எழுத, சந்தையில் வரும் கேம்களில் பாதிக்கு மேல் சரியில்லை, நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் அவர்களுக்குள் வலுத்தது. நின்டெண்டோவின் ஃபாமிகாம் மெஷினைப் பிரித்துப் போட்டு, அது எப்படி ஓடுகிறது என்று தஜிரி தானே படித்தார். 1989-ல் பத்திரிகையின் பெயரே கம்பெனியின் பெயராயிற்று. முதல் கேம் ‘குவின்டி’ அதே ஆண்டு நாம்கோ வழியாக வெளிவந்தது. ஆடிக்கொண்டிருந்தவர் செய்கிறவராக மாறிய இடம் எது என்று கேட்டால், கம்பெனி பதிவான நாளை நான் சொல்ல மாட்டேன். அந்த ஸ்டேப்ளர் அடித்த பக்கங்களைத்தான் சொல்வேன். ஆடியதைப் பற்றி எழுத உட்கார்ந்த கணத்தில் ஆட்டம் அவருக்கு ஆராயும் பொருளாகிவிட்டது. இந்த ஒரு மாற்றத்தை எந்த அரசுப் பள்ளியாலும் செய்துகொடுக்க முடியும், ஒரு குயர் நோட்டு வாங்கும் செலவில்.

அடுத்து வந்தது உலகம் அறிந்த கேம். நின்டெண்டோவின் கேம் பாய் என்ற கைக்கருவி 1989-ல் வந்தபோது, இரண்டு கருவிகளை இணைக்க ஒரு கேபிளும் இருந்தது. இரண்டு பேர் போட்டி போட்டு ஆடத்தான் மற்றவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். தஜிரி அந்தக் கேபிளைப் பார்த்ததும் அதன் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து போவதைக் கற்பனை செய்தார். உன்னிடம் இருக்கும் வண்டை எனக்குக் கொடு, என்னிடம் இருப்பதை நீ எடுத்துக்கொள் என்ற சிறுபிள்ளைப் பண்டமாற்றுதான் அவருடைய கற்பனை. அதிலிருந்து ‘போக்கிமான்’ பிறக்க ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆயின. நடுவில் பணம் தீர்ந்தது, சிலர் விலகிப் போனார்கள், தஜிரி சம்பளம் எடுத்துக்கொள்ளாமல் அப்பாவின் தயவில் காலம் ஓட்டினார். தறுதலை என்று நினைத்த மகனுக்கு அந்த அப்பாதான் சோறு போட்டார் என்பதைப் பெற்றோராகிய நீங்கள் கவனிக்க வேண்டும். 1996 பிப்ரவரி 27 அன்று சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகளாக அது வெளிவந்தபோது கேம் பாயின் காலமே முடிந்துவிட்டது என்று பலர் நினைத்திருந்தார்கள். பிடித்துச் சேர்க்க வேண்டிய பிராணிகள் எல்லாம் ஒரே பதிப்பில் இருக்காது. இதில் இருப்பது அதில் இல்லை. முழுதும் சேர்க்க வேண்டுமானால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் போய்க் கேட்டே ஆக வேண்டும். கைமாறினால் மட்டுமே அடுத்த வடிவத்துக்கு வளரும் பிராணிகளும் சில உண்டு. தனியாக மூலையில் உட்கார்ந்து ஆடும் கருவியில், இன்னொரு பிள்ளையைத் தேடிப் போக வைக்கும் விதியை ஒருவர் எழுதினார். நண்பர்களோடு பூச்சி மாற்றிக்கொண்ட அனுபவம் இல்லாதவருக்கு அந்த விதி தோன்றியிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

இங்கே முதல் மறுப்பு வரும். தஜிரி கோடியில் ஒருவர், அவரைக் காட்டி எங்கள் பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள் என்பீர்கள். கோடியில் ஒருவர் என்பது சரிதான். அவருக்குக் கிடைத்த வெற்றி இன்னொருவருக்குக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கேம் துறையில் வேலை கொட்டிக் கிடக்கிறது என்றும் சொல்லவில்லை. 2023-லும் 2024-லும் உலகின் பெரிய கேம் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. என் வாதம் வெற்றியை நம்பி நிற்கவில்லை. 1989-லிருந்து 1996 வரை கேம் ஃப்ரீக் எப்படிப் பிழைத்தது என்று பாருங்கள். நின்டெண்டோவுக்காக 1991-ல் ‘யோஷி’, 1993-ல் ‘மரியோ அண்ட் வாரியோ’, செகாவுக்காக 1994-ல் ‘பல்ஸ்மேன்’ என்று பிறருக்கு வேலை செய்துகொடுத்துத்தான் தன் கனவைக் காப்பாற்றியது. படம் வரைவது, கணக்குப் போடுவது, கதை கட்டுவது, ஒலி சேர்ப்பது, நாலு பேரோடு சண்டை போடாமல் ஒரு வேலையை முடித்துக் கொடுப்பது என்று இத்தனையும் அதற்குத் தேவைப்பட்டன. இவற்றில் எது உங்கள் பிள்ளைக்குப் பின்னாளில் வேண்டாததாகப் போகும்? கேம் துறைக்கே போகாமல் வேளாண்மைத் துறை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் இவை கைகொடுக்கும்.

ஜப்பானியருக்கு அது சரி, நம் சங்கதியை வைத்து யார் கேம் செய்து யார் ஆடப்போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை 2023-லேயே வந்துவிட்டது. கனடாவின் டொரண்டோவில் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறிய ஸ்டுடியோ, அபி என்ற தமிழ் வடிவமைப்பாளரின் தலைமையில், ‘வெண்பா’ என்ற கேமை அந்த ஆண்டு ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980-களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன குடும்பத்தின் கதை அது. வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் என மூன்றே பேர். துப்பாக்கி கிடையாது, ஓட்டப்பந்தயம் கிடையாது. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. அதில் விட்டுப்போன படியை யோசித்துக் கண்டுபிடித்துச் சமைத்து முடிப்பதுதான் ஆட்டம். இட்லிப் பானையில் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் மாவும் தேங்காயும் எந்த வரிசையில் போவது என்பவை அதில் புதிர்கள். நம் வீட்டு அடுக்களையில் ஒரு பாட்டி கைப்பழக்கத்தில் செய்யும் காரியம், உலகத்தின் வேறொரு மூலையில் இருக்கும் ஆட்டக்காரரை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அம்மா தமிழில் பேசும்போது மகனுக்குப் புரியாத சொற்கள் திரையில் மங்கித் தெரிகின்றன. மொழி கைநழுவுகிற வேதனையை நூறு பக்கம் எழுதினாலும் அந்த மங்கிய எழுத்து அளவுக்கு உறைக்காது. 2024-ல் சுயாதீன கேம் விழாவின் பெரும்பரிசும், சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் வெண்பாவுக்குக் கிடைத்தன. இட்லியும் ரசமும் உள்ளூர்ச் சங்கதி என்று யாரும் ஒதுக்கவில்லை. தஜிரிக்குப் பூச்சி எதுவோ, அபிக்கு அடுக்களை அது.

அபி இருந்தது டொரண்டோவில், நாங்கள் இருப்பது அதியமான்கோட்டையில் என்று நீங்கள் சொன்னால், அதை நான் எளிதில் தள்ள மாட்டேன். அங்கே முதலீடு உண்டு, வழிகாட்ட ஆள் உண்டு, விழாக்கள் உண்டு. இங்கே இல்லை. புனேயின் ‘நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்’ பழங்கால இந்தியாவைக் களமாகக் கொண்டு ‘ராஜி’ என்ற கேமைச் செய்தபோது, 2017-ல் மக்களிடம் நிதி திரட்டப் போய்த் தோற்றது. எப்படியோ தாக்குப்பிடித்து 2020-ல்தான் வெளியிட முடிந்தது. பெருநகரத்திலேயே அதுதான் நிலைமை. ஆனால் தஜிரியின் காலத்தில் மெஷினைப் பிரித்துப் போட்டால்தான் திறந்த கதவு, இன்று திறந்தே கிடக்கிறது. அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் தொடங்கி 2014-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ‘கோடோ’ என்ற கேம் மென்பொருள் முற்றிலும் இலவசம். ஆண்ட்ராய்டு கருவியில்கூட அதன் எடிட்டர் ஓடுகிறது. சிறு பிள்ளைகளுக்கு எம்.ஐ.டி. 2007-ல் கொடுத்த ‘ஸ்கிராட்ச்’ இருக்கிறது. வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று கோத்தாலே பூனை நகரும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்து ஆண்டுகள் ஆகின்றன. செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. முதலீட்டாளர் இல்லாத குறையை ஒரு பள்ளியால் தீர்க்க முடியாது. முதல் கேமைச் செய்து பார்க்க முதலீட்டாளர் தேவையும் இல்லை.

இங்கே எதை வைத்துச் செய்வது என்று யாராவது கேட்டால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும். போக்கிமானில் ஒரு பச்சைப் புழு வரும். அது கூடாகி, பிறகு வண்ணத்துப்பூச்சியாகும். உலகத்துப் பிள்ளைகள் கோடிக்கணக்கில் அதை வளர்த்து மகிழ்ந்தார்கள். தருமபுரி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது பாடமே கிடையாது, தினசரி வேலை. இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து புழு வந்து இறங்கிய நாளிலிருந்து மல்பெரி இலை வெட்டிப் போட வேண்டும். புழு நான்கு முறை தோலுரிக்கும். தோலுரிக்கப் போகும் நேரத்தில் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும், இலையைத் தொடாது. அப்போது இலை போட்டால் வீண், படுக்கை ஈரமானால் நோய். சுண்ணாம்புத் தூளைத் தூவிக் காத்திருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் ராப்பகலாக இலை கேட்கும். ஷெட்டுக்குள் இலை கடிபடும் சத்தம் மழை மாதிரி கேட்கும். பழுத்த புழுவைப் பார்த்துப் பொறுக்கி, கூடு கட்டச் சந்திரிகைத் தட்டில் விட வேண்டும். நேரம் தவறினால் கூடு உருப்படாது. பிறகு பட்டுக்கூடு அங்காடியில் ஏலம், அன்றைக்கு என்ன விலையோ அதுதான். வெப்பம், ஈரம், இலை இருப்பு, ஆள் கூலி, நோய், விலை என்று ஆறு காரணிகள் ஒன்றையொன்று இழுக்கும் இந்தத் தொழிலைவிட நல்ல கேம் எங்கே இருக்கிறது? இதைக் கையால் செய்து வளர்ந்த பிள்ளையால் மட்டும்தான், தலையைத் தூக்கிய புழு தூங்கவில்லை, தோலுரிக்கிறது என்பதைக் கேமில் ஒரு விதியாக எழுத முடியும்.

அதியமானையும் விட்டுவிட முடியாது, ஊரின் பெயரே அவனுடையது. சேலம் சாலையில் போகிறவர்கள் காலபைரவர் கோயிலுக்கு இறங்குகிறார்கள், தேய்பிறை அஷ்டமியில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றுகிறார்கள். சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய ஓவியங்களை ஏறிட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு. அதியமான் என்றால் நெல்லிக்கனி என்று பாடப்புத்தகம் முடித்துவிடுகிறது. ஆனால் கேம் செய்ய நினைக்கும் பிள்ளைக்குப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் வேறொன்று காத்திருக்கிறது. போரைத் தடுக்க அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஆயுதங்கள் மயிற்பீலி சூட்டி நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன. ஔவையார் அதைப் புகழ்வது போலவே பேசி, அதியமானின் வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடிக்கிறார். இதை ஒரு கேமாக நினைத்துப் பாருங்கள். கொட்டில் நிறைய ஆயுதம், எதையும் எடுக்கக் கூடாது. எதைப் பார்ப்பது, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது மட்டுமே ஆட்டக்காரரின் கையில். ஒரு சொல் தவறினால் போர் மூண்டுவிடும். உலகச் சந்தையில் ஆயுதத்தைக் கொடுத்துச் சுடச் சொல்லும் கேம்கள் மலிந்து கிடக்கின்றன; ஆயுதத்துக்கு நடுவில் நின்று பேசியே வெல்லச் சொல்லும் கேமுக்கு விதை இரண்டாயிரம் ஆண்டுப் பழமையோடு இந்த மண்ணில் இருக்கிறது. அதியமானின் தகடூர்க் கோட்டையைச் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்ற போரைப் பற்றித் ‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு தனி நூலே இருந்தது. இன்று முழு நூல் இல்லை. புறத்திரட்டு போன்ற தொகுப்புகளில் சில பாட்டுகள் மட்டும் தப்பின. அழிந்த சமையல் குறிப்பை வைத்து அபி ஒரு கேம் கட்டியிருக்கிறார் என்றால், அழிந்த காவியத்தின் எஞ்சிய பாட்டுகளை வைத்து இந்த ஊர்ப் பிள்ளை ஒன்று கட்டக் கூடாதா?

இதைச் சொன்ன கையோடு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அதியமானைப் பற்றித்தான் செய்ய வேண்டும் என்று ஆசிரியர்கள் தலைப்புக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அது இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும். பிள்ளைகள் பாட்டி காலத்துப் பெருமையை ஒப்பித்துவிட்டு, மறைவில் துப்பாக்கி கேமுக்குப் போவார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அப்பா ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாரா என்று காத்திருக்கும் பிள்ளை, அந்தக் காத்திருப்பையே கேமாகச் செய்யட்டும். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போடுவதைச் செய்யட்டும். அது பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரிந்தால், வண்டுக்குக் கல் போட்டு வைத்ததும் அற்பமாகத்தான் தெரிந்தது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்புக்கு வருகிறேன். கேம் என்றாலே உயிரையும் பணத்தையும் குடிக்கிறதே என்பது. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்து உயிரையும் விட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் முன்னால் நின்று கேமைப் புகழ யாருக்கும் நா எழாது. சட்டமன்றம் 2022-ல் நிறைவேற்றிய ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023-ல் மறுபடி நிறைவேற்றித்தான் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அந்தப் பகுதியை அதே ஆண்டு உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களை நாடு முழுக்கத் தடை செய்து நாடாளுமன்றமே சட்டம் போட்டது. சட்டம் வேண்டும், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பணம் வைக்காத கேம்களிலும் தூண்டில் இருக்கிறது. அதைச் சட்டம் பிடிக்காது. தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் சேர்த்தது போச்சு, அதிர்ஷ்டப் பெட்டியைத் திற என்று பிள்ளையை இழுத்துப் பிடிக்கும் ஏற்பாடுகள் எல்லாம் யாரோ உட்கார்ந்து எழுதிய விதிகள். அந்த விதியை ஒரு முறை தன் கையால் எழுதிப் பார்த்த பிள்ளையைத் தூண்டில் அவ்வளவு லேசில் பிடிக்காது. ஒரு பெட்டியில் அரிய பரிசு வர நூற்றில் ஒன்று வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பெட்டி திறந்தால் கிடைத்துவிடும் என்றுதான் பிள்ளை நினைப்பான். பிளஸ் ஒன் நிகழ்தகவுக் கணக்கைப் போட்டால், நூறு பெட்டி திறந்தும் கிடைக்காமல் போக ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு இருப்பது தெரியும். கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டால் மதிப்பெண் வரும். தானே பெட்டி செய்து, கூட்டாளிகளைத் திறக்க வைத்து, மூன்றில் ஒருவனுக்கு மேல் ஏமாந்து போவதைக் கண்ணால் பார்த்தால் புத்தி வரும். விஷம் எங்கே கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பது, போனைப் பிடுங்குவதைவிட நீண்ட நாள் நிற்கும் காவல்.

தேர்வு இருக்கிறதே, நேரம் எங்கே என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: நேரம் ஏற்கெனவே போனில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதில் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தைத் திருப்பிவிடத்தான் கேட்கிறேன்.

எங்களுக்கே கேம் தெரியாது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியர்கள் தயங்குவது புரிகிறது. முதல் மாதம் கம்ப்யூட்டரே வேண்டாம். ஆடுபுலியாட்டம் வரையத் தெரியாத கிராமம் இந்தப் பக்கத்தில் இருக்காது. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஏன் பதினைந்து? பன்னிரண்டாகக் குறைத்தால் யார் ஜெயிப்பார்கள், பதினெட்டாக்கினால் என்ன ஆகும், ஒரு புலிக்கு மட்டும் இரண்டு கட்டம் தாண்டும் உரிமை கொடுத்தால் ஆட்டம் கெடுமா சுவைக்குமா? பிள்ளைகளை விதியை மாற்றி ஆட விட்டு, ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டுதான் தஜிரியின் ஸ்டேப்ளர் பத்திரிகை. வெளியூர் கேம் ஸ்டுடியோக்களில் பெரிய சம்பளத்துக்குச் செய்வதும் இதே வேலைதான்: விதியை மாற்று, ஆடிப் பார், எழுது, மறுபடி மாற்று. இதற்கு மேற்பார்வை பார்க்க ஆசிரியருக்குக் கோடோ தெரிந்திருக்கத் தேவையில்லை. பிள்ளை சொல்லும் காரணத்தைக் கேட்டு, ‘ஏன்?’ என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தால் போதும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தீர்மானம் போடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் பள்ளி முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் ஹைடெக் லேபைக் கேம் செய்யும் குழுவுக்குத் திறந்துவிட வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். பெண் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டுச் சேருங்கள். கூப்பிடாவிட்டால் பையன்கள் மட்டுமே வந்து நிறைவார்கள், பட்டுப்புழு ஷெட்டை முழுதாய் அறிந்த பிள்ளை வெளியே நின்றுவிடுவாள். செட்டிக்கரை பொறியியல் கல்லூரி மாணவர்கள் மாதம் ஒரு முறை வந்து கைகொடுக்க முதல்வரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். ஆண்டு விழாவில் நடனத்துக்கும் நாடகத்துக்கும் இடம் ஒதுக்குவது போல, பிள்ளைகள் செய்த கேமை ஊரார் ஆடிப் பார்க்க ஒரு மேசையும் நாற்காலியும் ஒதுக்குங்கள்; அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து ஆடித் தோற்கட்டும். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்க்குமாறு தலைமையாசிரியரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் மேல் அக்கறை உள்ள ஒருவர்